ஆந்தைக்கு இன்னும் பதினோரு மணி நேரம்

"கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்த இயலவில்லை. வேகமூட்டும் வசதி நிறுத்தப்பட்டுள்ளது" என்றது திரை.

சேஷகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். திரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. படத்தில் உள்ள புள்ளிகளை நீக்கி முடிக்க, தோராயமாக நாற்பது நிமிடம் ஆகுமாம்.

"நாப்பது நிமிஷம்!" என்று அலறினார்.

சமையலறையிலிருந்து ரமா எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, என்ன ஆச்சு?"

"ஆந்தைக்கு நாப்பது நிமிஷம் ஆகுமாம்."

"இப்ப மணி பதினொண்ணு. மீட்டிங் அஞ்சு மணிக்கு. அதை ஓட விட்டுட்டுக் குளிச்சுட்டு வாங்கோ. முடிஞ்சிருக்கும்."

இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் சேஷகிரி, நல்ல யோசனையை அது சமையலறையிலிருந்து வந்தது என்பதற்காகவே இருபத்தாறு வருடமாக நிராகரித்து வருபவர்.

"ரமா, இருபது செகண்டுல முடிய வேண்டிய வேலை இது. எஸ்.பி. ரோட்டுல இந்தக் கார்டை வித்த கடைக்காரர் என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டினார். இருபது செகண்டு வேலைய நாப்பது நிமிஷம் பண்ற மிஷின வெச்சுண்டு நான் எந்த மூஞ்சியோட கீழ போய் நிப்பேன்?"

"மிஷின் மேலதானே இருக்கப்போறது? நீங்க மட்டுந்தானே கீழ போகப்போறேள்?"

இதற்குப் பதில் சொல்வது தன் தகுதிக்குக் குறைவு என்று சேஷகிரி கருதினார்.

அவருடைய தகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். சமஸ்தானம் போய், தாத்தாவும் போய், தோரணை மட்டும் குடும்ப பென்ஷன் மாதிரி தலைமுறை தாண்டி வந்துகொண்டிருந்தது. பேரன் ஒரு பெரிய கம்பெனியில் பிரின்சிபல் கன்சல்டன்ட். அது என்ன வேலை என்று ரமா அவ்வப்போது கேட்பாள். அவரும் அவ்வப்போது விளக்குவார். மறுபடி கேட்பாள்.

பெங்களூரு சர்ஜாபுரா சாலையில் 'சில்வர் லேக் கிராண்டியர்' என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில், ஏழாவது மாடியில் வாசம். லேக் எங்கே என்று கேட்கக் கூடாது. அதன் மேல்தான் கட்டியிருக்கிறார்கள்.

குடியிருப்போர் சங்கத்தில் லிஃப்ட் ஒழுங்கு, நாய் நடை, புறாக் கட்டுப்பாடு, விருந்தினர் வாகனம் ஆகிய நான்கு துணைக்குழுக்களுக்கு சேஷகிரிதான் அமைப்பாளர். ஒவ்வொரு விவகாரத்துக்கும் பதினான்கு அம்சங்கள் கொண்ட மின்னஞ்சல் அனுப்புவார். கடைசி வரி எப்போதும் 'உடனே ஆவன செய்யவும்.' அனுப்பிய பிறகு அதில் என்ன எழுதினோம் என்று அவரே படித்ததில்லை. ஆவன செய்தார்களா என்று கேட்டதும் இல்லை. அடுத்த மின்னஞ்சலுக்கு நேரமாகிவிடும்.

இப்போதைய விவகாரம் ஒரு மரம். குடியிருப்பின் நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. அதை வெட்ட அனுமதி வாங்கி, அங்கே பிக்கிள்பால் ஆடுகளம் போட வேண்டும் என்று மூன்றாவது மாடி ஹெர்பர்ட் கிளம்பியிருந்தார். ஐம்பது வயதில் பிக்கிள்பால் மட்டையைத் தொட்டவர். அதன்பின் கீழே வைக்கவில்லை. காய்கறி வாங்கக்கூட மட்டையோடுதான் போகிறார்.

சேஷகிரி சுற்றுச்சூழலுக்காகப் பொங்கினார். பொங்கியதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த மர நிழலில் நிற்கும் அவருடைய கார். மரம் போனால் அந்த இடமும் போய், அவருக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பக்கத்தில் இடம் ஒதுக்குவார்கள். சங்கம் வரைபடமே போட்டுவிட்டது. அந்த இடத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தார். பதினோராவது நிமிடம் இயற்கை ஆர்வலராக வெளியே வந்தார்.

அப்போதுதான் ஆந்தை வந்தது.

வியாழக்கிழமை அந்தி நேரம். பால்கனியில் தன் பீரங்கி லென்ஸோடு நின்றிருந்தவர் கண்ணில், மரத்தின் உள்கிளையில் காது முளைத்த ஓர் உருவம் பட்டது. அடுத்த நாற்பத்தைந்து நிமிடத்தில் நாற்பத்திரண்டு படங்கள் எடுத்தார். அந்த நேரம் முழுக்க ஆந்தை இம்மியும் அசையவில்லை.

"இம்மிகூடவா?" என்று ரமா அன்று கேட்டாள்.

"பறவைக்கு ஒரு மனுஷன் மேல நம்பிக்கை வந்துடுத்துன்னா அசையாது. அதுக்குப் பொறுமை வேணும், உள்ளமைதி வேணும். இப்பல்லாம் நம்ம பால்கனியில புறாத் தொந்தரவு இல்லைன்னு நேத்து நீதானே சொன்னே? ஏன் இல்லை? ஆந்தை வந்துடுத்து. இதுக்குப் பேருதான் எக்காலஜி."

மறுநாள் பகலில் குடியிருப்பே பைனாகுலரோடு அண்ணாந்து பார்த்தது. இலைகள்தான் தெரிந்தன. ஆந்தை பகலில் தெரியாது என்று சேஷகிரி எல்லாருக்கும் விளக்கினார்.

ஆனால் படத்தில் ஒரு சங்கடம். வெளிச்சம் போன நேரத்தில் எடுத்ததால், ரவையைக் கொட்டி அதில் விரலால் ஆந்தை வரைந்த மாதிரி இருந்தது. குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டதும் ஹெர்பர்ட் கேட்டார்: "இது ஆந்தையா, ரவா தோசையா?" நாற்பத்தேழு பேர் சிரித்திருந்தார்கள். சிரித்தவர்களின் பெயரை சேஷகிரி தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்.

சங்கத் தலைவி ஐரின் மிஸ், விலங்கியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல தெளிவான படம் காட்டுங்க. அபூர்வப் பறவைன்னா மரம் நிக்கும். இல்லன்னா ஓட்டுக்கு விட்டுடுவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று. அந்தத் தெளிவுக்குத்தான் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தைத்தான் சேஷகிரி இப்போது ஒழிக்கப் புறப்பட்டார்.

கார்டையும் கம்ப்யூட்டரையும் பேச வைப்பது டிரைவர் என்ற மென்பொருள் என்பது அவருக்குத் தெரியும். புது டிரைவரைத் தரவிறக்கினார். அது நிதானமாக வந்து இறங்கி, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னது: "பொருத்தமான கார்டு எதுவும் இந்தக் கம்ப்யூட்டரில் காணப்படவில்லை."

"காணப்படலையா? உள்ளதானே இருக்கு! என் கையால மாட்டினேன்!"

"யாரோட பேசறேள்?" என்றாள் ரமா.

"டிரைவரோட."

"நமக்கேது டிரைவர்? நீங்கதானே ஓட்டறேள்?"

சேஷகிரி எதிர்வீட்டு நோயலுக்குப் போன் செய்தார்.

பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்த நோயல், பதினான்கு நாடுகளில் உள்ள தன் கம்பெனிக் கம்ப்யூட்டர்கள் அனைத்துக்கும் தலைவர். ஆனால் கடைசியாக ஒரு கம்ப்யூட்டரின் உள்ளே கைவிட்டுப் பதினைந்து வருடம் இருக்கும். இப்போது அவர் பார்ப்பதெல்லாம் கம்ப்யூட்டர்களைப் பற்றிய ஸ்லைடுகள். இந்த வித்தியாசம் அவருக்கே மறந்துபோயிருந்தது.

"என்னா மேன் சேஷ், கார்டு மொரண்டு பண்ணுதா?" என்று அரை டிரவுசரோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காணப்படலைங்கறது நோயல்."

"பழைய டிரைவர் மேல புது டிரைவர் போட்டா அப்படித்தான் மேன் சொல்லும். பழைய பெயின்ட சொரண்டாம புதுசு அடிச்சா ஒட்டுமா? மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டு ஃபிரெஷ்ஷா ஆரம்பிக்கலாம்."

வழித்து எடுத்தார்கள். திரை ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. திறந்தபோது எழுத்துகள் எல்லாம் பஸ் போர்டு அளவுக்கு இருந்தன. 'சரி' என்று அழுத்த வேண்டிய பொத்தான், திரையின் கீழ் விளிம்புக்கு வெளியே எங்கேயோ போய்விட்டது.

"நல்லாத் தெரியறதே! கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்போல இருக்கே" என்றாள் காபி கொண்டுவந்த ரமா.

பொத்தானைக் குருட்டாம்போக்கில் அழுத்தி, படத்தைத் திறந்தார்கள். தோராயமாக மூன்று மணி பத்து நிமிடம் ஆகும் என்றது.

"நாப்பது நிமிஷமா இருந்தது நோயல்!"

"வியாதி வெளிய வந்தாத்தான் மேன் குணமாகும். இது நல்ல சைன். என் டீம்ல கேக்குறேன் இரு."

பதினான்கு நாட்டு டீமில் ஒருவரும் ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கவில்லை. ஒருவர் மட்டும் கட்டைவிரல் படம் அனுப்பினார். நோயல் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

"சாஃப்ட்வேர மொத்தமா ரீசெட் பண்ணு மேன்."

ரீசெட் ஆனது. ஆன வேகத்தில் மென்பொருளுக்கு சேஷகிரி யார் என்பதே மறந்துவிட்டது. பெயர் கேட்டது. கடவுச்சொல் கேட்டது. பிறகு, பதிவு செய்த போனுக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. பதிவு செய்த போன் புனேயில் மகள் சஹானாவிடம் இருந்தது. குடும்பத்துக்கெல்லாம் சேர்த்துச் சந்தா கட்டுகிறவள் அவள்தான். தன் பெருமைகளைப் பட்டியலிடும்போது சேஷகிரி இதைச் சேர்த்துக்கொள்வதில்லை.

"சஹானா, ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு."

"அப்பா, நான் மலை ஏறிண்டிருக்கேன். மூச்சு வாங்கறது. எதுக்கு நம்பர்?"

"கார்டு வேலை செய்யல. நானும் நோயல் அங்கிளும் டயக்னோஸ் பண்ணிண்டிருக்கோம்."

"கார்டுக்குக் கரன்ட் போறதாப்பா? ஒயர் எல்லாம் சரியா மாட்டியிருக்கா?"

நோயல் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். பதினான்கு நாட்டுத் தலைவரிடம் ஒயர் மாட்டியிருக்கா என்று கேட்கிறார்கள்.

"கண்ணா, நீ நம்பர மட்டும் சொல்லு" என்றார் சேஷகிரி.

நம்பர் சொன்னாள். உள்ளே போனார்கள். ஐந்து மணி நாற்பது நிமிடம்.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் ஒரு புதுப்பித்தல் பாக்கி இருப்பதாக நினைவூட்டியது. இப்போதா, பிறகா என்று கேட்டது. "இப்பவே பண்ணிடு மேன், அதுலதான் எல்லா மருந்தும் இருக்கும்" என்றார் நோயல். திரை நீல நிறமாகியது. வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. முப்பத்தேழு சதவீதம். அணைக்க வேண்டாம்.

மணி ஒன்றரை. இருவரும் சாப்பிட்டார்கள். பிசிபேளாபாத், அப்பளம். திரும்பி வந்தார்கள். முப்பத்தேழு சதவீதம்.

வாட்ஸப் குழுவில் ஹெர்பர்ட் கேட்டிருந்தார்: "தோசை வெந்துச்சா?" அறுபத்தோரு பேர் சிரித்திருந்தார்கள்.

இரண்டு மணி சுமாருக்கு வாசல் மணி அடித்தது. தோட்டக்காரர் முனியப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டு, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். தினமும் சந்தாபுராவிலிருந்து சைக்கிளில் வருபவர்.

"சார், ஒரு சின்ன விஷயம். அந்த மரம் விஷயமா..."

"முனியப்பா, மரம் விஷயமா யாரும் என்னைத் தனியா வந்து பார்க்கக் கூடாது. நாளைக்கே சேஷகிரி ஆள் சேர்த்தான்னு சொல்லுவா. உமக்கு என்ன கேக்கணுமோ, முறையா மீட்டிங்ல வந்து, எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு கேளும். அதுதான் ஜனநாயகம்."

"எல்லார் முன்னாடியுமா சார்?"

"எல்லார் முன்னாடியும். தைரியமா."

"சரிங் சார்" என்று முனியப்பா போய்விட்டார். ஓர் உழைப்பாளிக்கு ஜனநாயகத்தைக் கற்றுக்கொடுத்த திருப்தியோடு சேஷகிரி திரும்பினார். முப்பத்தெட்டு சதவீதம்.

நான்கு மணிக்குப் புதுப்பித்தல் முடிந்தது. கம்ப்யூட்டர் 'வணக்கம்' என்றது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படத்தைத் திறந்தார்கள்.

தோராயமாகப் பதினோரு மணி நேரம்.

"நாளைக்கு விடிகாலை மூணு மணிக்கு ஆந்தை ரெடியாயிடும் மேன். அதுக்கு முழிச்சிருக்கற டைம்தானே" என்றார் நோயல், சூழ்நிலையைக் கொஞ்சம் இலகுவாக்கலாம் என்று.

சேஷகிரிக்கோ சுத்திகரிப்பு நிலையத்தின் வாசனை ஏழாவது மாடி வரைக்கும் வருவது போல இருந்தது.

நோயலுக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. பதினைந்து வருடத்தில் முதல்முறையாகத் தரையில் மண்டியிட்டு, போனிலிருந்து வெளிச்சம் அடித்து, கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தார். பார்த்தவர் கத்தினார்.

"ஏ சேஷ்! திரைக்குப் போற கேபிள் கார்டுலயே இல்ல மேன்! பக்கத்து ஓட்டையில சொருகியிருக்கு! யாரு பண்ணது இத?"

"நான்தான். ரெண்டு வாரம் முன்னாடி திடீர்னு திரை இருட்டாயிடுத்து. இந்த ஓட்டையில மாத்தினேன், வெளிச்சம் வந்துடுத்து." அன்றைக்கு அதை ஒரு கண்டுபிடிப்பாகவே கருதி, அலுவலகத்தில் நான்கு பேரிடம் சொல்லியும் இருந்தார்.

கேபிளைக் கார்டுக்கு மாற்றினார்கள். திரை இருட்டாகியது. மறுபடி எடுத்துப் போட்டார்கள். அதே இருட்டு.

நோயல் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். குரல் தாழ்ந்திருந்தது. "கார்டு போயிடுச்சு மேன். நோ மோர். புதுசா வாங்கினதுல்ல? ஐ'ம் சாரி."

துக்கம் விசாரிக்க வந்தவர் போல சேஷகிரியின் தோளில் கை வைத்தார். மணி நாலரை.

"கடைசியா ஒருதடவை முகத்தையாவது பார்த்துடலாம்" என்று சேஷகிரி ஸ்குரூடிரைவரை எடுத்து, பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றினார்.

உள்ளேயிருந்து சந்தன வாசனை வந்தது.

புத்தம் புதுக் கார்டு. அதன் இரண்டு விசிறிகளிலும் சந்தனம், குங்குமம். கழுத்து மாதிரி இருந்த பகுதியில், காய்ந்து சருகாகிப்போன சாமந்தி மாலை. மூலையில், சுருங்கி நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்ட ஓர் எலுமிச்சம்பழம்.

நோயல் எலுமிச்சம்பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தார். "என்னா மேன் இது, கார்டுக்கா மாலை போட்ட?"

"ஆயுத பூஜை."

"பெட்டிக்கு வெளிய பொட்டு வெச்சா பத்தாதா? எங்க ஆபீஸ்ல எல்லாம் வெளியதான மேன் வெக்கிறாங்க?"

"வெளியில இருக்கறது வெறும் தகரம் நோயல். ஆயுதம் உள்ளதானே இருக்கு?"

நோயல் தோள்களைக் குலுக்கிக்கொண்டார்.

காபி டம்ளர்களை எடுக்க வந்த ரமா குனிந்து பார்த்தாள். "இந்தக் கறுப்பு ஒயர் ஏன்னா எங்கேயும் மாட்டாம தொங்கிண்டிருக்கு?"

"எந்த ஒயர்?"

"இதோ, கார்டு தலையில சொருகற மாதிரி வாய் வெச்சிருக்கே. மாலை போடறச்சே இடிக்கறதுன்னு நீங்கதானே அன்னிக்கு உருவி விட்டேள்? அப்பறம் சொருகலையா?"

நோயல் மேலே சுற்றிய மின்விசிறியை, அதுவும் தன் பதினான்கு நாடுகளில் ஒன்று போல, மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

சேஷகிரி ஒயரைச் சொருகினார். திரை பளிச்சென்று வந்தது. கார்டின் விசிறிகள் உயிர்த்தெழுந்து சுற்ற, இரண்டு வாரச் சாமந்திச் சருகு பறந்துவந்து நோயலின் மூக்கில் ஒட்டியது. டிரைவரைப் போட்டார்கள். "கார்டு காணப்பட்டது" என்றது. மணி நாலு ஐம்பத்திரண்டு. படத்தைத் திறந்தார்கள்.

தோராயமாகப் பதினெட்டு விநாடி.

"கடைக்காரர் இருபதுன்னார்! ரெண்டு செகண்டு கம்மி!" என்று சேஷகிரி துள்ளினார். காலையிலிருந்து ஆறு மணி நேரம் போனது அந்தக் கணக்கில் வரவில்லை.

"பவர் டெலிவரி இஷ்யூன்னு எனக்கு ஆரம்பத்துலயே ஒரு டவுட் இருந்துச்சு மேன்" என்றார் நோயல்.

ரமா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் ஏதோ பாத்திரம் சிரிப்பது போலச் சத்தம் கேட்டது.

படத்தை நின்று பார்க்க நேரமில்லை. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, லிஃப்ட் வராததால், லிஃப்ட் ஒழுங்குத் துணைக்குழுவின் அமைப்பாளர் ஏழு மாடியும் படியில் ஓடினார்.

சங்கக் கூடம் நிரம்பியிருந்தது. ஹெர்பர்ட் முன்வரிசையில் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முனியப்பா கடைசி வரிசைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஐரின் மிஸ் மணியைத் தட்டினார். "சேஷகிரி சார், காட்டுங்க."

விளக்கை அணைத்தார்கள். வெள்ளைச் சுவரில் ஆந்தை எழுந்தது.

ரவையில் ஒரு மணிகூட மிச்சமில்லை. இரண்டு மஞ்சள் கண்கள் வெறித்துப் பார்த்தன. தலையில் கொம்பு போல இரண்டு காதுகள். மார்பில் வரிசை வரிசையாக இறகுகள்; ஒன்று போல ஒன்று, அச்சில் வார்த்தெடுத்தது போல.

"எப்படி லுக் விடுது பாரு! உயிரோட்டம்னா இதுதான்" என்றார் யாரோ.

"இதுல நான் எதையும் சேர்க்கல" என்றார் சேஷகிரி, இன்னும் மூச்சிரைத்தபடி. "வெறும் புள்ளிகளை நீக்கினேன், அவ்வளவுதான். இருக்கறது எல்லாம் உண்மை. சத்தியம் எப்பவும் உள்ள இருக்கு. நாம தூசியத் தட்டணும்."

"நாங்க தட்டினோம்" என்று நோயல் திருத்தினார்.

ஐரின் மிஸ் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். கூடத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"முப்பத்திரண்டு வருஷம் ஜுவாலஜி சொல்லிக்கொடுத்திருக்கேன். இப்படி ஒரு நாள் வரும்னு நினைக்கல. இது நம்ம ஊர் ஆந்தையே இல்லீங்க. நம்ம நாட்டு ஆந்தையும் இல்ல. இந்தக் காது, இந்தக் கழுத்து வெள்ளை... இந்த ஜாதி அமெரிக்காவுல மட்டும்தான் இருக்கு!"

கூடம் கொந்தளித்தது. "அமெரிக்காவிலேர்ந்தா?" "இங்கயா?" "சர்ஜாபுரா ரோட்டுக்கா?"

"எங்க பசங்களுக்கெல்லாம் போறதுக்கு விசா கிடைக்கல. அது மட்டும் எப்படி மேன் வந்துச்சு?" என்றார் ஹெர்பர்ட். ஆனால் அவர் குரலிலும் பயபக்தி வந்திருந்தது. எழுந்து நின்று மட்டையை நெஞ்சில் அணைத்துக்கொண்டார். "ஓகே. நான் தோத்தேன். அவ்வளவு தூரம் பறந்து வந்த விருந்தாளி வீட்ட இடிச்சு நான் வெளையாட முடியாது. கோர்ட்டை சுத்திகரிப்பு நிலையத்துகிட்டப் போட்டுக்கறேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. மரம் நிற்கும் என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கார் நிறுத்தும் இடங்கள் இருந்தபடியே இருக்கும் என்று அதோடு ஒரு வரி சேர்க்கும்படி சேஷகிரி அடக்கத்தோடு கேட்டுக்கொண்டார். சேர்த்தார்கள். சங்க அலமாரியில் கர்நாடக ராஜ்யோத்ஸவ விழாவுக்காக வாங்கி வைத்திருந்த மைசூர் பேட்டாவை எடுத்துவந்து, ஐரின் மிஸ் தன் கையால் அவர் தலையில் வைத்தார். தாத்தாவுக்குப் பிறகு குடும்பத்தில் தலைப்பாகை ஏறியது இதுதான் முதல்முறை. கொஞ்சம் பெரிதாக இருந்ததால் புருவம் வரைக்கும் இறங்கியது. முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்திருந்த ரமாவை அவர் அதன் அடியிலிருந்து பெருமையாகப் பார்த்தார்.

"நாளைக்கே பறவை ஆராய்ச்சிக்காரங்களுக்கு லெட்டர் போடறேன்" என்றார் ஐரின் மிஸ். "எனக்கு ஒண்ணுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இத்தனை தூரம் பாவம் இந்த ஒத்த ஆந்தை மட்டும் வந்திருக்கே, கூட வந்ததெல்லாம் எங்க போச்சோ!"

கடைசி வரிசைக்குப் பின்னால் முனியப்பா எழுந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, சேஷகிரி சொல்லிக்கொடுத்தபடியே எல்லார் முன்னாடியும் தைரியமாகக் கேட்டார்:

"மேடம், சேஷகிரி சார் போன வருஷம் புறா ஓட்டுறதுக்கு மெயில் போட்டு வரவழைச்ச பிளாஸ்டிக் ஆந்தை மொத்தம் அஞ்சு, ஒண்ணத்தான் நான் அந்த மரத்துல கட்டினேன், மீதி நாலும் ஸ்டோர் ரூம்ல பெட்டியோட இருக்குது. அதையும் அதே மரத்துலயே கட்டிரட்டுமா?"